தெரியுமா? சிரிப்பு முகம் பிறந்தது ஒரு பாதரசச் சண்டையில்!

நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் நீங்கள் தட்டிவிடுகிற சிரிப்பு முகம் எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு லிஃப்டுக்குள்! அதுவும் கம்பி அறுந்து கீழே விழுந்துகொண்டிருந்த ஒரு கற்பனை லிஃப்டுக்குள்!

1982 செப்டம்பர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில், கணினித் துறைக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிப்போட ஒரு மின் பலகை வைத்திருந்தார்கள். அதில் நீல் ஸ்வார்ட்ஸ் என்பவர் ஒரு புதிர் போட்டார். லிஃப்டின் சுவரில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. தரையில் ஒரு துளி பாதரசம். கம்பி அறுந்து லிஃப்ட் விழுகிறது. மெழுகுவர்த்திக்கு என்ன ஆகும்? பாதரசத்துக்கு என்ன ஆகும்?

விடையே ஓர் அதிசயம். விழுகிற லிஃப்டுக்குள் எடை என்பதே இல்லை. எடை இல்லாவிட்டால் சூடான காற்று மேலே எழும்பாது, சுடரும் நீளாது. விண்வெளியில் எரித்தே பார்த்திருக்கிறார்கள்: சுடர் நீல நிறத்தில் ஒரு குட்டி உருண்டையாக நிற்கிறது! பாதரசத் துளியும் தரையில் அமுங்கிக் கிடக்காமல் முழு உருண்டையாகிவிடும்.

இதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது ஹோவர்ட் கேல் என்பவர் வேடிக்கைக்காக ஓர் எச்சரிக்கை போட்டார். இயற்பியல் சோதனை ஒன்றால் இடதுகோடி லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது, லேசான தீச்சேதமும் உண்டு என்று. பின்னால் வந்து படித்தவர்களுக்கு முன்கதை தெரியாது. சிலர் நிஜம் என்றே நம்பிவிட்டார்கள்! இனிமேல் வேடிக்கைக்கு எழுதுவதற்கு ஓர் அடையாளம் போட்டே ஆகவேண்டும் என்று பேச்சு கிளம்பியது. ஒருவர் நட்சத்திரக் குறி என்றார், இன்னொருவர் சதவீதக் குறி என்றார். # போடலாம், உதடுகளுக்கு நடுவே பல் தெரிகிற மாதிரி இருக்கும் என்றுகூட ஒரு யோசனை வந்தது. செப்டம்பர் 19, காலை 11:44. ஸ்காட் ஃபால்மன் மூன்றே குறிகளை வரிசையாக வைத்தார்: :-) தலையைச் சாய்த்துப் பாருங்கள் என்றார். வேடிக்கை இல்லாததற்கு :-( என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்தச் செய்தி பிறகு தொலைந்தே போயிற்று. பழைய காந்த நாடாக்களைத் தேடிப்பிடித்து, ஓட்டிப் படிக்கக் கருவியும் தேடி, 2002இல்தான் மீட்டெடுத்தார்கள். இருபது வருடம் கழித்து!

இணையத்தில் அறிவியலைப் பற்றி முகம் தெரியாதவர்களோடு மல்லுக்கட்டுவது வெட்டி வேலை என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். இன்னும் கைவசம் நிறைய இருக்கிறது.

உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடிவயிற்றில் ஓடுவது லினக்ஸ். அது காலாவதியான சரக்கு என்று ஒரு பேராசிரியர் ஊரறியத் தீர்ப்பு எழுதியது தெரியுமா? 1992 ஜனவரி 29. ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம். இயங்குதளம் எப்படி எழுதுவது என்று உலகத்துக்கே பாடப்புத்தகம் எழுதியவர். மாணவர்கள் கற்றுக்கொள்வதற்காக மினிக்ஸ் என்ற இயங்குதளத்தையும் உருவாக்கியவர். அந்தப் பக்கம் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ். வயது 22, மாணவர். டானன்பாமின் புத்தகத்தைப் படித்து, மினிக்ஸை ஓட்டிப் பார்த்து, பிறகு லினக்ஸை எழுதத் தொடங்கியவர்.

எல்லா வேலையையும் ஒரே கட்டாக இயங்குதளத்தின் நடுக்கருவுக்குள் திணிப்பது எழுபதுகளுக்குத் திரும்பிப் போவது என்றார் பேராசிரியர். நடுக்கரு சின்னதாக இருக்கவேண்டும், மற்ற வேலைகள் தனித்தனியே வெளியில் ஓடவேண்டும் என்பது அவர் கட்சி. நீ என் மாணவனாக இருந்தால் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்றும் பிறகு எழுதினார். முதல் பதிவுக்கு டோர்வால்ட்ஸ் அன்றைக்கே சூடாகப் பதில் கொடுத்தார். மறுநாள் நிதானத்துக்கு வந்து, கடுமையாகப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டார்.

யார் ஜெயித்தது? 2017 நவம்பரில் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸில் ஓடின. ஐநூறுக்கு ஐநூறு! ஆனால் அதே 2017இல் இன்னொரு சேதியும் வெளியே வந்தது. இன்டெல் தன் சில்லுகளுக்குள், யார் கண்ணுக்கும் படாமல் பின்னணியில் ஓடும் ஒரு பகுதியில் மினிக்ஸை வைத்திருந்தது! டானன்பாமுக்கே அது புதுச் செய்தி. அப்படியென்றால் லினக்ஸ் போட்ட எத்தனையோ கணினிகளில், சண்டை போட்ட இருவரின் பிள்ளைகளும் ஒரே பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தன!

எனக்கு இதைவிடப் பிடித்தது 2004இல் நடந்தது. லினக்ஸ் மினிக்ஸிலிருந்து எடுத்தது என்று ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. இல்லவே இல்லை, அது டோர்வால்ட்ஸே எழுதியது என்று முன்னால் வந்து அடித்துச் சொன்னவர் யார்? அதே டானன்பாம்! கருத்தில் ஒரு அங்குலம்கூட இறங்கி வரவில்லை. உண்மைக்கு மட்டும் சாட்சி சொன்னார். இப்படிப்பட்ட எதிராளி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும்.

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. 1870இல் இங்கிலாந்தில் ஜான் ஹாம்ப்டன் என்பவர் பத்திரிகையில் சவால் விட்டார்: தேங்கிய நீர்ப்பரப்பு வளைந்திருக்கிறது என்று காட்டுபவருக்கு 500 பவுண்டு! உலகம் தட்டை என்பது அவர் கட்சி. சவாலை ஏற்றவர் யார் தெரியுமா? இயற்கைத் தேர்வைத் தானே கண்டுபிடித்து டார்வினுக்குக் கடிதம் எழுதினாரே, அந்த ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ்!

இடம், பழைய பெட்ஃபோர்டு கால்வாய். ஆறு மைல் நேர்க்கோடு. ஒரு பாலத்தில் தொலைநோக்கி, எதிர்ப் பாலத்தில் கறுப்புப் பட்டை போட்ட துணி, இரண்டும் நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில். நடுவே ஒரு கம்பம். அதில் அதே உயரத்தில் ஒரு வட்டத் தகடு. உலகம் தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில் தெரியவேண்டும். தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் நடுத் தகடு தெள்ளத்தெளிவாக மேலே நின்றது! நடுவராக இருந்த பத்திரிகை ஆசிரியர் வாலஸுக்குத் தீர்ப்புச் சொன்னார்.

ஹாம்ப்டன் ஒப்புக்கொண்டாரா? பத்து வருடத்துக்கும் மேல் வாலஸை விரட்டி விரட்டித் திட்டினார். அவருடைய மனைவிக்கே மிரட்டல் கடிதம் போட்டார். அவதூறுக்காகச் சிறைக்கும் போய் வந்தார், அப்போதும் அடங்கவில்லை. கடைசியில், பந்தயம் சட்டப்படி செல்லாது என்பதால் பணத்தையும் வாலஸ் திருப்பித் தரவேண்டியதாயிற்று!

எத்தனை சுற்றோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்று வாலஸுக்குச் சொல்ல அன்று ஆளில்லை. இன்று கணக்கே இருக்கிறது! ‘என் கருத்தை மாற்றிக் காட்டுங்கள்’ என்று தாங்களாகவே கூப்பிடுகிறவர்கள் கூடும் ரெடிட் பகுதி ஒன்றைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் அலசினார்கள். ஒருவரோடு ஐந்து சுற்று மாறி மாறிப் பேசியும் அவர் அசையவில்லையென்றால், அதற்கப்புறம் மாறுவது அபூர்வம். இன்னொன்றும் தெரிய வந்தது: ‘இருக்கலாம்’, ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று கொஞ்சம் இடம் விட்டுப் பேசும் வாக்கியங்கள், எதிராளியை மாற்றிய பதில்களில் அதிகம் இருந்தன!

திட்டினால் என்ன ஆகும்? அதையும் சோதித்திருக்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு நானோ வெள்ளி என்ற தொழில்நுட்பம் பற்றி ஒரே கட்டுரையைப் பலருக்கும் கொடுத்தது. சிலருக்குக் கட்டுரையின் கீழே மரியாதையான கமெண்டுகள், மற்றவர்களுக்கு வசை. கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் வசையைப் படித்தவர்கள், அந்தத் தொழில்நுட்பம் ஆபத்தா இல்லையா என்பதில் இரண்டு கட்சியாகப் பிரிந்துபோனார்கள்! 1872இல் தொடங்கிய பாப்புலர் சயின்ஸ் இதழ் இந்த ஆய்வைச் சுட்டிக்காட்டி, 2013இல் தன் தளத்தில் கமெண்டுகளையே மூடிவிட்டது. எனக்கு அதில் சம்மதமில்லை. கதவை அடைத்தால் வசை மட்டுமா வெளியே நிற்கும்? விஷயம் தெரிந்தவர்களும் அல்லவா நிற்பார்கள்!

அப்படி விஷயம் தெரிந்தவர்கள் உள்ளே வந்தால் எப்படி இருக்கும் என்று 2023 கோடையில் உலகமே பார்த்தது. ஜூலை 22. தென்கொரியக் குழு ஒன்று எல்கே-99 என்ற பொருளைப் பற்றி அறிவித்தது. ஈயம், செம்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் கலந்த கறுப்புக் கட்டி. அறை வெப்பத்திலேயே, சாதாரணக் காற்றழுத்தத்திலேயே மீகடத்தி என்றார்கள். மீகடத்தி என்றால் மின்தடை துளியும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவது. மின்கம்பிகளில் வீணாகும் மின்சாரம் அவ்வளவும் மிச்சம்! இதுவரை கடுங்குளிரிலோ பயங்கர அழுத்தத்திலோதான் அது சாத்தியம். இங்கேயோ ஒரு சின்னத் துண்டு காந்தத்தின் மேல் பாதி மிதப்பது போல ஒரு வீடியோ வேறு!

இணையம் பற்றிக்கொண்டது. இயற்பியல் பேராசிரியர்களும், பங்குச்சந்தைக்காரர்களும், நேற்றுவரை மீகடத்தி என்ற பெயரையே கேட்டிராதவர்களும் ஒரே இடத்தில் நின்று வாதாடினார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு பொறியாளர் உலையை வைத்து அதைத் தயாரிப்பதை நேரலையில் காட்டினார். செய்முறைக்கு நாள்கணக்கில் ஆகும். சனம் விடாமல் பார்த்தது! டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வி.பி.எஸ். அவானா செய்து பார்த்து, முடிவுகளை ஃபேஸ்புக்கிலேயே பகிர்ந்தார். மீகடத்தி இல்லை.

முடிச்சு எங்கே அவிழ்ந்தது தெரியுமா? ஒரே ஓர் எண்ணில்! 104 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் மின்தடை திடீரென்று விழுகிறது என்று கொரியர்கள் எழுதியிருந்தார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிரஷாந்த் ஜெயின் என்ற வேதியியலாளருக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் பொறி தட்டியது. அது செம்பு சல்ஃபைடு தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலை! கட்டியைத் தயாரிக்கும்போது அந்தச் செம்பு சல்ஃபைடு அழுக்காகத் தங்கிவிடுகிறது. மீகடத்தி போலத் தெரிந்ததெல்லாம் அதன் வேலை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அழுக்கே இல்லாத தூய படிகத்தை வளர்த்துப் பார்த்தார்கள். கறுப்புக் கட்டியா வந்தது? ஊதா நிறத்தில், கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் படிகம்! மின்தடை இல்லாமல் இருப்பதாவது, லட்சக்கணக்கான ஓம் மின்தடையோடு மின்சாரத்தையே மறித்து நின்றது!

அறிவிப்பிலிருந்து விடைவரை ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தச் சண்டை ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்றால், ஆளுக்கொரு கருத்தோடு நிற்காமல் ஒவ்வொருவரும் உலையை மூட்டினார்கள், அளந்தார்கள், அளந்ததை எல்லார் முன்னாலும் வைத்தார்கள். மேலே சொன்ன கதைகளில் எனக்கு மெய்சிலிர்ப்பது இந்த இடம்தான்.

உண்மையைக் காட்டினால் ஆட்கள் இன்னும் முரண்டு பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 10,000 பேருக்கும் மேல் வைத்து, அரசியல்வாதிகளின் தவறான கூற்றுகள் உட்பட 52 விஷயங்களில் சோதித்தபோது அப்படி எதுவும் தென்படவில்லை! பெரும்பாலானவர்கள் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளவே செய்தார்கள். 2024இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், சதிக் கதைகளை நம்புகிறவர்களோடு ஒரு செயற்கை நுண்ணறிவு ஆதாரம் காட்டிப் பொறுமையாகப் பேசியது. நம்பிக்கை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதும் அது ஏறவில்லை!

கடைசியாக ஒன்று. பெயரே இல்லாத ஒருவர் கணித ஆய்வுக் கட்டுரைக்கு முதல் ஆசிரியராக இருப்பது தெரியுமா?

ஜப்பானில் 2006இல் ஹருஹி சுசுமியா என்ற கார்ட்டூன் தொடர் வந்தது. 14 பகுதிகள், அவற்றையும் வரிசை மாற்றித்தான் ஒளிபரப்பினார்கள். எந்த வரிசையில் பார்ப்பது சரி என்று ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை. 2011இல், யாரும் பெயர் போடாத 4சான் பலகையில் ஒருவர் கேட்டார்: சாத்தியமான எல்லா வரிசையிலும் பார்த்துவிடவேண்டும் என்றால் குறைந்தது எத்தனை பகுதிகள் ஓட்டவேண்டும்?

மூன்றே பகுதிகள் என்றால் 123121321 போதும். விரலை ஒவ்வோர் இலக்கமாக நகர்த்தி, மூன்று மூன்றாகப் படித்துப் பாருங்கள்: 123, 231, 312, 213, 132, 321. ஆறு வரிசைகளும் ஒன்பதே இலக்கங்களில் ஒளிந்திருக்கின்றன! 14 பகுதிகளுக்கு? முகமற்ற ஒருவர் நிரூபணத்தோடு வந்தார்: குறைந்தது 9,388 கோடியே 43 லட்சத்து 13 ஆயிரத்து 611. பகுதிக்கு 24 நிமிடம் என்று வைத்தால் 42 லட்சம் வருடங்களுக்கும் மேல்!

கணிதர்கள் பல காலம் மோதிக்கொண்டிருந்த கணக்கு அது. ஏழு வருடம் கழித்து, 2018இல்தான் ராபின் ஹூஸ்டன் என்ற கணிதர் அந்தப் பழைய பதிவின் அருமையை உலகுக்குச் சொன்னார். அவரும் இன்னும் இருவரும் நிரூபணத்தை முறையாக எழுதினார்கள். ஆசிரியர் பட்டியலில் முதல் பெயராக ‘பெயர் தெரியாத 4சான் பதிவர்’ என்றே போட்டார்கள்! அதே வருடம் ஆஸ்திரேலிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிரெக் ஈகன் மறுமுனையைப் பிடித்தார்: 9,392 கோடியே 42 லட்சத்து 30 ஆயிரத்து 411 இருந்தால் போதும். சரியான விடை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கோ இருக்கிறது. இடைவெளி 3 கோடியே 99 லட்சத்து 16 ஆயிரத்து 800. முதலில் நான்கு பகுதிகளை வைத்து முயன்று பாருங்கள். 33 இலக்கங்களுக்குள் 24 வரிசைகளையும் அடக்கவேண்டும். ஒரு தாளும் பென்சிலும் போதும்!