விதைப்பே விழாவாகும் மலைவாழ்வு: அட்டப்பாடி, சின்னாறு பழங்குடிகளின் சிறுதானிய மரபு

பாலக்காடு: கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் பழங்குடி மக்களின் சடங்குகளும் பாடல்களும் விளைநிலத்தோடு பிணைந்தவை. அதனால், சிறுதானியச் சாகுபடி சுருங்கியபோது அவர்களின் உணவோடு விழா மரபும் தேய்ந்தது. இப்போது அந்தச் சாகுபடியை மீட்கும் முயற்சிகள் இரு மாவட்டங்களிலும் நடைபெறுகின்றன.

மண்ணுக்காரனின் முதல் விதை

கோவை, நீலகிரி மாவட்டங்களை அடுத்துள்ள அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மூன்று பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்களின் குடியிருப்பு 'ஊரு' எனப்படுகிறது. ஒவ்வோர் ஊருக்கும் மூப்பன் தலைவர். அவருக்குத் துணையாகக் குறுதலையும், பொதுச் சொத்தைக் காக்கப் பண்டாரியும், வேளாண்மைக்கு மண்ணுக்காரனும் உள்ளனர். விதைப்புக்கான காலத்தைக் கணித்து, அதற்குரிய சடங்கை நடத்துவது மண்ணுக்காரனின் பொறுப்பு.

இருளர்களின் 'கம்பளம்' இந்த வாழ்முறையின் சிறந்த எடுத்துக்காட்டு. ஊரார் அனைவரும் ஒன்றுகூடி, தவில், கொகல் உள்ளிட்ட கருவிகளின் இசைக்கு ஏற்ப ஆடிப் பாடியபடியே நிலத்தைக் கொத்தி விதைப்பர். கூட்டு உழைப்பும் வழிபாடும் கொண்டாட்டமும் அங்கு ஒன்றாகவே நிகழ்கின்றன.

மகா சிவராத்திரியும் இப்பகுதியின் முக்கிய விழாவாகும். விரதமிருக்கும் முடுகர் இளைஞர்கள் மல்லீஸ்வரன் முடியில் ஏறி விளக்கேற்றுகின்றனர். அம்மலையையே சிவலிங்கமாக மக்கள் வணங்குகின்றனர்.

உணவு மாறியதன் விளைவு

அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம். குறைந்த நீரில் விளையும் கேழ்வரகு, சாமை, தினை ஆகியவற்றோடு துவரை, அவரை, கீரை வகைகளையும் ஒரே நிலத்தில் கலந்து பயிரிடுவது இங்குள்ள வழக்கம். தானியம், பருப்பு, கீரை மூன்றும் ஒரே காட்டிலிருந்து வீட்டுக்கு வந்தன.

வெளியிலிருந்து குடியேற்றம் பெருகியதால் பழங்குடியினர் தங்கள் நிலங்களை இழந்தனர். அந்நிலங்களை மீட்டுத் தர 1975-ஆம் ஆண்டில் கேரள அரசு சட்டம் இயற்றியபோதும், அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. வனவிலங்குகளால் பயிர்ச் சேதமும் தொடர்ந்தது. ரேஷன் அரிசி அன்றாட உணவாயிற்று.

2013-ஆம் ஆண்டில் இங்கு நிகழ்ந்த பச்சிளங்குழந்தைகளின் மரணங்கள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. தாய்மாரின் ஊட்டச்சத்துக் குறைபாடு, இரத்தசோகை ஆகியவற்றுடன், பாரம்பரிய உணவை இழந்ததும் அப்போது விவாதப் பொருளானது.

மீட்சியின் தொடக்கம்

இதையடுத்து, குடும்பஸ்ரீ அமைப்பின் மூலம் ஊருகளில் சமுதாயச் சமையற்கூடங்கள் செயல்படத் தொடங்கின. 2017-ஆம் ஆண்டில் கேரள அரசு சிறுதானியக் கிராமத் திட்டத்தை அட்டப்பாடியில் தொடங்கியது. 2022-ஆம் ஆண்டில் அட்டப்பாடித் துவரைக்கும், ஆட்டின் கொம்பைப்போல் வளைந்த காய்களைக் கொண்ட 'ஆட்டுக்கொம்பு அவரை'க்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இடுக்கி மாவட்டத்தில், உடுமலைப்பேட்டை-மறையூர் சாலையில் அமைந்துள்ள சின்னாறு வனவிலங்குச் சரணாலயமும் மழை மறைவுப் பகுதியே. அங்குள்ள தாயண்ணன்குடியில் வாழும் முதுவர்கள், வனத்துறையின் துணையுடன் தங்கள் மரபுக் கேழ்வரகு வகைகளை மீண்டும் பயிரிட்டுள்ளனர். தமிழோடு நெருங்கிய மொழி பேசும் இவர்கள், தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகக் கூறுகின்றனர்.

பாடலுக்கும் நிலம் வேண்டும்

அட்டப்பாடி இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா, 'அய்யப்பனும் கோஷியும்' திரைப்படப் பாடலுக்காக 2022-ஆம் ஆண்டில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதுக்குத் தேர்வானார். இருளர் இசையை நாடே கேட்டது. எனினும், வயலில் பிறந்த கலைக்கு விருது மட்டும் போதாது. நிலவுரிமையும் விதையும் இல்லையெனில் கம்பளம் மேடை நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடும். மண்ணுக்காரன் விதைக்க நிலம் இருக்கும்வரைதான் ஊருக்கு உணவும் உண்டு, விழாவும் உண்டு.