பக்கத்து மனையிலும் தேட வேண்டிய ஆப்பிரிக்க நத்தை

வடகிழக்குப் பருவமழையின் முதல் மழைகள் பெய்து மண் குளிர்ந்ததும், கீரைப் பாத்தியிலும் கத்தரி நாற்றங்காலிலும் ஒரு விதமான சேதம் தெரிய வரும். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று விடிந்து பார்த்தால் தண்டோடு காணாமற் போயிருக்கும். பப்பாளிக் கன்றின் பட்டை சுரண்டப்பட்டிருக்கும். வாழைக் குருத்தில் ஓட்டை விழுந்திருக்கும். இலையைப் புரட்டிப் பார்த்தால் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. மண்மீது காய்ந்த பசை போல ஒரு வெள்ளிக் கோடு மட்டும் ஓடும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால், பெரும்பாலும் அது வேலிக்கு அடியில் புகுந்து அடுத்த மனைக்குள் மறைந்துவிடும்.

இது ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் வேலை. சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மழைக்காலத்தில் தென்படும் இந்த நத்தையை ஒழிப்பதில் உள்ள சங்கடம் மருந்தைப் பற்றியதல்ல. நத்தை பகலில் தங்கும் இடம் ஒருவருடையது. இரவில் மேயும் இடம் வேறொருவருடையது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதியில் இந்தச் சங்கடம் இரட்டிப்பாகும். பத்து சென்ட், இருபது சென்ட் என்று கீரையோ காய்கறியோ போடுபவரின் நிலத்துக்கு ஒரு பக்கம் தொழிற்சாலை மதில், மறுபக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டு மனை, அதற்கப்பால் ரயில் பாதை அல்லது கன்டெய்னர் முற்றம் என்று இருக்கும். தம் நிலத்தில் மட்டும் எத்தனை நாள் பொறுக்கினாலும் அடுத்த மழைக்கு நத்தை திரும்பி வந்துவிடுகிறது.

அடையாளம்

முதலில் நத்தையைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். நம் வயல்களிலும் ஏரிகளிலும் உள்ள உருண்டை ஓட்டு நத்தை நம் நாட்டுக்கே உரியது. அதன் வாய்க்குக் கெட்டியான மூடி உண்டு. அதைச் சமைத்து உண்பவரும் உண்டு. அதை அழிக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்க நத்தையின் ஓடோ கூம்பு போல நீண்டு, பழுப்பு நிறத்தில் கருஞ்சிவப்புப் பட்டைகளோடு இருக்கும், மூடி கிடையாது. சாதாரணமாக விரல் நீளம் இருக்கும். நன்கு வளர்ந்தவை உள்ளங்கையை நிரப்பும்.

கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தை இந்தியாவுக்குத் தானாக ஊர்ந்து வரவில்லை. 1847-ஆம் ஆண்டில் வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸ் தீவிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சௌரிங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அங்கிருந்து செடி, மண், மூட்டை, மரம் என்று ஏற்றிச் சென்ற சரக்குகளோடு ஊர் ஊராகப் பரவியது. இன்று கேரளம் முதல் வடகிழக்கு மாநிலங்கள் வரை இதன் தொல்லை உண்டு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

துறைமுகத்தை ஒட்டி வாழ்வோருக்கு அந்நிய உயிர்கள் புதிதல்ல. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் சேற்றைப் பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டு, கையால் இறால் தடவிப் பிடிக்கும் மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்துள்ள ‘காக்கா ஆழி’யும் தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பிதான். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரோடு அது வந்ததாகக் கருதப்படுகிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை அந்த விஷயம் சென்றது. நீரில் வந்ததை அகற்ற அரசு இயந்திரம் வேண்டியிருக்கிறது. நிலத்தில் உள்ள நத்தைக்கு ஒரு டார்ச் விளக்கும் ஒரு வாளியும் போதும். ஆனால் அக்கம்பக்கத்தாரின் சம்மதம் வேண்டும்.

எங்கே ஒளிந்திருக்கும்?

நத்தைக்கு ஈரமும் நிழலும் சுண்ணாம்பும் தேவை. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டியிருப்பதால் பழைய சுவரின் காரையைச் சுரண்டித் தின்னும். ஆகவே மதிலின் நிழற்பக்கம், செங்கல் அடுக்கு, இடிபாட்டுக் குவியல், பழைய ஓடு, தென்னை மட்டைக் குப்பை, வாழைத் தூர், குப்பைக்குழி ஓரம் ஆகிய இடங்களில் பகலில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். கோடையில் ஓட்டின் வாயை வெள்ளைத் தாள் போன்ற படலத்தால் அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் பல மாதங்கள் உறங்கவும் வல்லது. மழை பெய்தவுடன் விழித்துக்கொள்ளும்.

ஒரே உடலில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. ஒருமுறை கூடிய நத்தை பல தடவை முட்டையிடும். ஒரு தடவைக்கு 100 முதல் 400 வரை, மிளகைவிடச் சற்றே பெரிய மஞ்சள் கலந்த வெள்ளை முட்டைகளை ஈர மண்ணுக்குள் குவியலாக இடும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குஞ்சு வெளிவரும். ஆறு மாதத்தில் அதுவும் முட்டையிடத் தயாராகிவிடும். இதனால்தான் முதல் மழைக்குப் பின் வரும் நாட்கள் மிக முக்கியமானவை. அப்போது பொறுக்கும் ஒரு தாய் நத்தை, கார்த்திகையில் பொறுக்க வேண்டிய நூறு குஞ்சுகளுக்குச் சமம்.

இரவுத் தேடல்

மழை விட்ட இரவில் எட்டு மணிக்கு மேல் தேடுவது நலம். விடியலுக்கு முன்பும் தேடலாம். நத்தையை வெறுங்கையால் தொடக் கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இந்த நத்தையின் உடலிலும் இருக்கக்கூடும். அது மனித உடலுக்குள் சென்றால் மூளை உறையில் அழற்சி ஏற்படும். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாவது பொறுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நத்தை நடமாடிய பாத்தியில் பறித்த கீரையை நன்றாக அலசிச் சமைத்தே உண்ண வேண்டும். பிள்ளைகளை விளையாட்டாக ஓடு பொறுக்க விடுவது தவறு. இரவில் செடிக்குள் கை விடும்முன் பாம்பு இருக்கிறதா என்று குச்சியால் தட்டிப் பார்ப்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பொறுக்குவதை எளிதாக்க, மாலையில் நனைத்த கோணிச் சாக்கை வரப்போரம் விரித்து, அதன் அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் தழை ஆகியவற்றைப் போட்டு வைக்கலாம். இரவில் மேய்ந்த நத்தைகள் விடிந்ததும் அதன் அடியில் அடங்கிவிடும். காலையில் சாக்கைத் தூக்கி அள்ளிக்கொள்ளலாம். அடுத்த மனைக்குள் போக அனுமதி கிடைக்காதபோது, தம் பக்கத்து வேலியோரமாக இந்தச் சாக்குகளை வரிசையாகப் போடுவதே அடுத்த வழி.

கேட்டுப் போவதும் கேட்காமல் போவதும்

நல்ல காரியத்துக்குத்தானே என்று இரவில் டார்ச் அடித்துக்கொண்டு அடுத்தவர் மனைக்குள் இறங்குபவர் திருடனாகவே பார்க்கப்படுவார். அனுமதியின்றி நுழைவது சட்டப்படியும் குற்றமாகலாம். பூட்டிக் கிடக்கும் மனை கேட்பாரற்ற மனை ஆகிவிடாது. ரயில்வே நிலத்திலும் துறைமுக வளாகத்திலும் கேட்டுப் பார்க்கலாமே என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதை ஓரம் விளக்கோடு நடப்பது உயிருக்கே ஆபத்து.

கேட்பதில் ஒரு முறை உண்டு. பகலில் கேட்க வேண்டும். ஒரு நத்தையை டப்பாவில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுவது பத்து வார்த்தைக்குச் சமம். “அண்ணே, இந்த நத்தை உங்க மதில் ஓரமாத்தான் தங்குது. நாளைக்கு ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும் நாங்க நாலு பேர் வந்து பொறுக்கிக்கிறோம். நீங்களும் கூட நின்னு பாருங்க” என்று நேரத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொல்லிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. வாடகைக்கு இருப்பவரிடம் கேட்டால் போதும் என்று எண்ணாமல் உரிமையாளருக்கும் தகவல் சொல்ல வேண்டும். பெண்கள் மட்டும் இருக்கும் வீடாயின் வீட்டுப் பெண்கள் போய்க் கேட்பதே முறை. உள்ளே சென்றால் கதவைத் திறந்தபடி விடக் கூடாது. கல்லைப் புரட்டினால் இருந்தபடி வைக்க வேண்டும். கீழே விழுந்த கொய்யாவாயினும் தொடக் கூடாது. பொறுக்கிய நத்தையை உரிமையாளரிடம் காட்டிவிட்டு எடுத்து வருவது அடுத்த முறைக்கு வழி திறந்து வைக்கும்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பொறுக்கிக்கொள்ளக் கிடைத்த அனுமதி மருந்து போடக் கிடைத்த அனுமதி ஆகாது. மெட்டால்டிஹைடு குருணையை நாயோ ஆடோ தின்றால் செத்துப்போகும். அடுத்தவர் மனையில் அதைத் தூவிவிட்டு வருவது பெரும் வம்பில் முடியும்.

தொழிற்சாலை மதிலுக்குள் நாம் போக வேண்டிய தேவையே இல்லை. பெரிய ஆலைகளில் மரம், புல்தரை பராமரிக்கத் தோட்டப் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஐந்தாறு விவசாயிகள் கையொப்பமிட்டு, வெளிப்புறம் பொறுக்கும் அதே இரவில் உட்புறம் தங்கள் ஆட்களைக் கொண்டு பொறுக்கும்படி மேலாளருக்குக் கடிதம் கொடுக்கலாம். வாயிற் காவலாளியிடம் வாய்மொழியாகச் சொன்னது மறுநாள் மறந்துபோகும். உரிமையாளர் யாரென்றே தெரியாத மனைகளுக்குக் கிராம நிர்வாக அலுவலரையோ, மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் வார்டு அலுவலகத்தையோ அணுக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? பயிர்ப் பூச்சிகள், நோய்களைக் கட்டுப்படுத்தச் சென்னை மாகாணம் 1919-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அரசு ஒரு பூச்சியையோ களையையோ அறிவிக்கை செய்தால், அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலர் முன்னறிவிப்புத் தந்து நிலத்தில் நுழைந்து பார்வையிடலாம். நில அனுபவதாரர் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் தாமே செய்து செலவை வசூலிக்கலாம். அந்த அதிகாரம் அலுவலருக்குத்தான். பக்கத்து நிலத்துக்காரருக்கு அல்ல. அலுவலரும் அறிவிப்பு கொடுத்த பிறகே நுழைய முடியும் என்பது கவனிக்கத்தக்கது.

விடாமல் தேடினால் பலன் உண்டா என்போருக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் சான்று. 1966-இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழாண்டில் 18,000 நத்தைகளுக்கு மேல் கண்டெடுக்கப்பட்டன. ஒழிப்பதற்கு 1975 வரை ஆயிற்று. மீண்டும் 2011-இல் மயாமியில் தலைகாட்டியபோது, ஆய்வாளர்கள் வீட்டுத் தோட்டம் தோட்டமாகத் தேடினார்கள். மோப்ப நாய்களும் பழக்கப்பட்டன. சுமார் 1,68,000 நத்தைகளை எடுத்த பின்னரே 2021-இல் ஒழிந்ததென அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே வேறொரு மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது வேறு கதை.

பச்சோந்தியை விட்டுவிடுக

இரவில் வேலிச் செடியில் விளக்கடிக்கும்போது, கிளை நுனியில் வெளுத்த நிறத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கும் பச்சோந்தி சில சமயம் பளிச்சென்று கண்ணில் படும். அதைக் கல்லால் அடிப்பது நம் ஊர்களில் பழைய கெட்ட பழக்கம். அதற்கு விஷமில்லை. வெட்டுக்கிளியையும் பூச்சிகளையும் பிடித்துத் தின்று விவசாயிக்கு உதவும் நம் நாட்டு உயிர் அது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் குற்றம்.

ஆனால் இதே பச்சோந்தி இனம் சொந்த மண்ணை விட்டுப் போனால் என்னவாகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஃபுளோரிடாவில் ஏமன் நாட்டுப் பச்சோந்தி செல்லப்பிராணி வணிகத்தின் வழியாக வந்து புதர்களில் பெருகியிருக்கிறது. அங்கும் இரவில் விளக்கடித்தே அதைத் தேடுகிறார்கள். அங்கும் தோட்டக்காரரைக் கேட்காமல் வேலி தாண்டக் கூடாது என்பதே முறை. ஹவாயில் 1972-இல் விடப்பட்ட கென்யப் பச்சோந்தி, அத்தீவுகளுக்கே உரிய அரிய நத்தைகளைத் தின்னுகிறது. ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கவென்று 1955-இல் அங்கே கொண்டுவந்த நத்தை தின்னும் நத்தையும், வேண்டாததை விட்டுவிட்டு உள்நாட்டு நத்தைகளையே வேட்டையாடிற்று. எனவே நத்தைக்கு எதிரியாக வேறொன்றைக் கொண்டுவந்து விடலாமா என்ற யோசனையைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். வீட்டு வாத்துகள் சிறு குஞ்சுகளைப் பொறுக்கும், அது போதும்.

பொறுக்கியதை என்ன செய்வது?

கல் உப்பை இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த நீரைப் பழைய டிரம்மில் வைத்து, நத்தைகளை அதில் போட்டால் இறந்துவிடும். பிறகு இரண்டடிக் குழியில் சுண்ணாம்புத் தூள் தூவிப் புதைக்க வேண்டும். உப்பை நேராகப் பாத்தியில் தூவுவோர் உண்டு. நத்தை சாகும், மண்ணும் கெடும். கடற்காற்றும் உவர் நீரும் உள்ள பகுதியில் இதற்கு மேலும் உப்பு எதற்கு? நத்தையை மிதித்து நசுக்கி அங்கேயே விட்டால் வயிற்றில் உள்ள முட்டைகள் மண்ணில் தங்கிப் பொரிக்கக்கூடும். பக்கிங்காம் கால்வாயில் உயிரோடு கொட்டுவதும், மதிலுக்கு அப்பால் வீசுவதும் தொல்லையை அடுத்த தெருவுக்கு அனுப்புவதேயாகும். காலி ஓடுகளையும் புதைத்துவிட வேண்டும். மழைநீர் தேங்கினால் கொசு வளரும்.

புகையிலைக் கஷாயத்தோடு மயில்துத்தக் கரைசல் கலந்து தெளிக்கும் முறை கேரளத்தில் புழக்கத்தில் உள்ளது. மயில்துத்தம் இளந்தளிரைக் கருக்கும் என்பதால், அதைச் சுவரிலும் குப்பைமேட்டிலும் ஒட்டிய நத்தைகளின்மீது மட்டும் தெளிப்பதே உசிதம். வாங்கி வரும் நாற்றுப் பைகள், தொழுஉரம், மேல்மண் ஆகியவற்றை இறக்கும்போதே அடியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஐயமான நத்தை கிடைத்தால் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடமோ காட்டலாம்.

முதல் தேடலில் தப்பிய முட்டைகள் பொரித்து, குஞ்சுகள் கண்ணுக்குத் தெரிய மூன்று வாரமாகும். ஆதலால் அந்தக் கணக்கில் இரண்டாம் தேடலுக்கு நாள் குறித்துக்கொண்டு, மனைக்காரரிடம் மறுபடியும் கேட்டுவிட்டே போக வேண்டும்.