கை போனால் வேலையும் போகவேண்டுமா?



செம்பனை மட்டை விழுந்து தோள் இறங்கிப் போன அண்ணனை நமக்குத் தெரியும். மேட்டுக்காட்டில் காண்டா வாளியோடு சறுக்கி விழுந்து, முழங்கால் மடங்காமல் போன அக்காவைத் தெரியும். இனிப்புநீர் வந்து கால்விரல் எடுத்தவர்கள் லயத்துக்கு லயம் உண்டு. இவர்கள் ஆபீசுக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "இனிமே உன்னால முடியாது. கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

கையெழுத்துப் போட்டால் சம்பளம் மட்டுமா போகிறது? தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிக் கிடக்கிறது. வேலை போனால் வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள். பிள்ளைகள் நடந்து போகிற பள்ளிக்கூடமும் கைவிட்டுப் போகும். ஒருவருக்குக் கை போனது. குடும்பத்துக்கே காலை ஒடிப்பதா?

எந்த வேலை முடியாது என்று டாக்டர் சொல்லட்டும். எந்த வேலை முடியும் என்பதை நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

எந்த வேலை முடியும்?

தோள் போனவரால் நீளக் கம்பு அரிவாளைத் தூக்க முடியாதுதான். குலையை எண்ணிக் கணக்கு எழுத முடியாதா? நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் விட முடியாதா? முழங்கால் மடங்காத அக்காவுக்கு லயத்துப் பக்கம் சமதரையில் உள்ள நிரையை மாற்றிக் கொடுத்தால் அவர் மரம் சீவுவார். பால் வாளியை ரோடுவரை தூக்க ஒரு ஆளை விட்டால் போதும். நிற்க முடியாதவருக்கு மண் பை நிரப்பும் இடத்தில் உட்கார ஒரு பலகை. காது மந்தமானவருக்குப் பிரட்டில் மண்டோர் கைகாட்டிச் சொல்லவேண்டும். இதெல்லாம் தோட்டத்தைக் கவிழ்க்கிற செலவா? உடல் ஊனமுற்ற தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை நிர்வாகம் வருமான வரிக் கணக்கில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ளலாம். கிராணி ஐயா மறந்திருந்தால் நாம் ஞாபகப்படுத்துவோம்!

சட்டம் என்ன சொல்கிறது?

2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், வேலையில் அவர்களுக்குச் சம வாய்ப்பும் சம வேலைக்குச் சம ஊதியமும் பாதுகாப்பும் வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வந்தபோது, மீறுகிற முதலாளிக்கு அதில் தண்டனை எழுதப்படவில்லை. பல் இல்லாத சட்டத்தை நம்பி மட்டும் சும்மா இருக்க முடியாது. பிடித்துக்கொள்ள வேறு கிளைகளும் உண்டு.

வேலையில் அடிபட்டால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்கு அறிவிக்கவேண்டும். "ரிப்போர்ட் போட்டாச்சா?" என்று வீட்டிலிருப்பவர்கள் கேளுங்கள். 2007 முதல் சொக்சோவில் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டம் இருக்கிறது. செயற்கைக் கால், பயிற்சி, நிர்வாகத்தோடு பேச ஒரு அதிகாரி, எல்லாம் அதில் அடக்கம்.

"வேலைக்குப் போனா சொக்சோ காசு நின்னுடுமே" என்று பலர் பயப்படுகிறார்கள். நிரந்தர ஊனத்துக்குக் கொடுக்கும் தொகை வேலைக்குத் திரும்பியதால் நிற்காது. இயலாமைப் பென்சன் விதி வேறு. அதை மட்டும் சொக்சோவில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

2023 ஜனவரி முதல், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் மனுக் கொடுக்கலாம். நிர்வாகம் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். முடியாது என்றால் காரணத்தையும் எழுதவேண்டும். இனிப்புநீரால் கால்விரல் இழந்தவரும் இந்த மனுவைப் போடலாம்.

லேசான வேலை என்று சம்பளத்தை இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் ஊனமுற்றவருக்கும் சேர்த்துத்தான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டி எழுதி வாங்கினால் அதுவும் வேலைநீக்கம்தான். ஆனால் மிரட்டியதை நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும்.

இரண்டாவது, "லைட் டியூட்டி" என்று மொட்டையாக எழுதினால் போதாது. எவ்வளவு எடை தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று டாக்டரிடம் விவரமாக எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, எந்த வேலை வேண்டும் என்று நீங்களே பெயர் சொல்லி மனு எழுதுங்கள். ஒரு நகல் உங்களிடம், ஒரு நகல் சங்கக் கிளையில்.

நான்காவது, வேலையிலிருந்து நீக்கிவிட்டால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்யவேண்டும். 61-ஆம் நாள் போனால் கதவு சாத்தியிருக்கும்.

கடைசியாக நமக்குள்ளே ஒரு பேச்சு. "அவனுக்கு மட்டும் நிழல்ல வேலையா?" என்று முணுமுணுக்கிறோமே, அது நிர்வாகத்துக்குத்தான் லாபம். மட்டை யார் தலையில் விழும் என்று பார்த்தா விழுகிறது? இன்று அவருக்குச் சமதரை நிரை கேட்டு நின்றால், நாளை நமக்கும் அது நிற்கும். அடிபட்டவர் தனியாக ஆபீஸ் படி ஏறக்கூடாது. கூடப் போங்கள்!