சிறு உருவைப் படமெடுத்தல்

பாம்பனில் 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை, நூற்றில் ஒரு பங்கு அளவில் அட்டையால் செய்தேன். அதன் படத்தைக் கண்ட என் தாயார், "இது என்னப்பா, ஏணியா?" என்று கேட்டார்கள்! விடுதி அறையைக் காலி செய்யும்போது பாலத்தை ஊருக்குத் தூக்கிச் செல்ல இயலாது, படம்தான் எஞ்சும். குற்றம் மலிவான கைப்பேசிக் காமிராவினுடையதன்று. நான் எடுத்த முறையே தவறு.

முதலாவது, தூரம். மிக நெருங்கினால் ஒரு விளிம்பு மட்டுமே தெளியும், மற்றவை மங்கும். இரு மடங்கு விலகி நின்றால், தெளிவாய் விழும் ஆழம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். படத்தை வெட்டிப் பழைய அளவுக்குப் பெரிதாக்கினாலும், இரு மடங்கு ஆதாயம் மிஞ்சும்.

இரண்டாவது, கண்மட்டம். நான் மேலிருந்து எடுத்ததால்தான் பாலம் ஏணியாயிற்று. படகில் செல்பவரின் கண் நீருக்கு மேல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால், சிறு உருவில் அது 1.5 செ.மீ. தான். கைப்பேசியைத் தலைகீழாக நிறுத்துங்கள். லென்சு மேசையை ஒட்டி வந்துவிடும்.

மூன்றாவது, ஒளி. பிளாஷ் வேண்டா. சன்னலோரம் வைத்து, எதிர்ப்புறம் வெள்ளைத்தாள் ஒன்றை நிறுத்தினால் நிழலின் கடுமை தணியும். கைநடுக்கத்துக்குப் பாடப்புத்தக அடுக்கே மருந்து.

மறுபடி எடுத்து அனுப்பினேன். தாயார் கேட்டார்கள்: "ரயில் எங்கேப்பா?"