விமானியின் உறக்கம்

விடியற்காலத்து உறக்கம் எத்தகைய பகையென்பதை எருமப்பட்டி, நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர்கள் நன்கறிவர். ஆகாயத்திலும் அஃதே. துபாயிலிருந்து இரவெல்லாம் பறந்துவந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் 2010 மே 22-ந் தேதி காலை மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி வீழ்ந்தது. 158 பேர் மாண்டனர், எண்மரே பிழைத்தனர். தலைமை விமானி வழியில் நெடுநேரம் உறங்கியிருந்தார் என்பதும், இறங்க வேண்டாமெனத் துணை விமானி எச்சரித்தும் பயனில்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன.

பழியைத் தனி மனிதன் தலையில் சுமத்தி அமைதல் நியாயமாகாது. 2024-ல் வெளியான விதிகள் விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. இரவில் இறங்கும் தடவைகளை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. 2025 டிசம்பரிலோ, போதிய விமானிகளின்றி இண்டிகோ கம்பெனி ஆயிரக்கணக்கான விமானப் பிரயாணங்களை ரத்து செய்ய, சர்க்கார் அதற்கு இரவு விதிகளினின்று தற்காலிக விலக்களித்தது!

பிரயாணிகளின் அவதி மெய்யே. ஆயினும் முன்னேற்பாடு செய்யாத முதலாளிக்குச் சலுகை, கண்விழிக்கும் தொழிலாளிக்குச் சுமையா? விமானியின் ஓய்வு தர்மமன்று. நம் உயிருக்குக் காவல். அதில் விலக்குக்கு இடமில்லையென்று நாம் வற்புறுத்துகிறோம்.