ஆறறிவுயிர் ஒன்றேயாய் எஞ்சியது ஏன்?

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவை பெற்ற அறிவின் எண்ணிக்கை கொண்டு ஆறு வகையாகப் பகுக்கின்றது. புல்லும் மரமும் ஊற்றுணர்வு ஒன்றே உடையன. நந்தும் முரளும் சுவையுணர்வு கூடப் பெற்றன. சிதலும் எறும்பும் நாற்றவுணர்வையும், நண்டும் தும்பியும் காட்சியையும், விலங்கினம் கேள்வியையும் முறையே மிகுதியாகக் கொண்டன. மனம் என்னும் ஆறாவதைப் பெற்றவர் மக்கள். இப்பகுப்பு தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்ததே. ஆயினும் அதனுள் அடங்கிய செய்தியொன்று அத்துணை எண்ணப்படுவதில்லை. ஒவ்வொரு வகையையும் கூறி முடிக்குங்கால், அக்கிளையைச் சார்ந்த வேறு பிறப்புகளும் உள என்று ஆசிரியர் உடன் சொல்லிச் செல்கின்றார். மக்களைக் கூறுமிடத்தும் அம்முறையை அவர் விட்டிலர். விலங்கினுள் ஒருசாரனவும் மனவறிவு உடையன என்னும் கருத்தும் அங்கே இடம் பெறுகின்றது. குரங்கு, யானை, கிளி போல்வன அதற்கு உரைகளில் எடுத்துக்காட்டாகின்றன.

இன்று நாம் காணும் உலகநிலை வேறு. சொல்லால் சொல்லைத் தொடுத்துப் பேசுவதும், முன்னோர் கண்டதன்மேல் பின்னோர் கூட்டிப் பெருக்குவதும் ஆகிய அறிவை முழுமையாக உடையது ஓர் இனமே. விலங்குகள் தோன்றி 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாயின. இத்துணை நெடுங்காலத்தில் இவ்வறிவு ஓரினத்திற்கு மட்டும் வாய்த்தது ஏன் என்னும் வினா உயிரியலார்க்கு உரியதாயினும், சொல்லாராய்ச்சி உடையார்க்கும் இதில் ஒரு பங்கு உண்டென்று யாம் கருதுகின்றோம். வினாவிலுள்ள இடர்ப்பாட்டில் ஒரு பாதி சொல்லால் விளைந்தது.

தொல்காப்பியர் டார்வினுக்கு முன்னரே உயிர்வளர்ச்சிக் கொள்கையைக் கண்டார் என்று மேடைகளிலும் சில கட்டுரைகளிலும் கூறக் கேட்கின்றோம். இதனை யாம் உடன்படுதற்கில்லை. மரபியல் கூறுவது உயிர்களின் வகை. அவற்றின் வழித்தோன்றல் அன்று. ஓரறிவுயிர் ஈரறிவுயிராக மாறிற்று என்று ஆண்டு யாண்டும் சொல்லப்படவில்லை. இல்லாத புகழை ஏற்றுவதனால் நூலுக்கு ஆக்கமில்லை என்பதோடு, அறிவு படிப்படியாக ஏறிச் சென்று மாந்தனில் முடிந்தது என்னும் பிழைபட்ட எண்ணமும் அதனால் வலுப்பெறுகின்றது. நம்மவர் இக்கொள்கைக்கு வழங்கிய பெயர்களும் அவ்வெண்ணத்திற்குத் துணையாயின. ‘உள்ளது சிறத்தல்’ என்று பெயர்த்தபோது ‘சிறத்தல்’ என்னும் சொல் மேன்மையைக் குறிப்பதாயிற்று. ‘கூர்தலறம்’ என்பதும், ஈழத்து அறிவியல் நூல்களில் வழங்கும் ‘கூர்ப்பு’ என்பதும் ‘கூர்’ என்னும் உரிச்சொல்லடியாகப் பிறந்தன. அவையும் மிகுதிப்பொருளையே தருவன. இயற்கையில் நிகழ்வதோ சூழலுக்கு ஏற்ப வேறுபடுதல். காக்கைக்கும் நமக்கும் பொதுவாகிய முன்னோர் ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தன. அன்றுதொட்டு இன்றுவரை காக்கை கடந்த காலமும் நாம் கடந்த காலமும் ஒன்றே. ஆதலின் ‘ஏனைய உயிர்கள் கீழ்ப்படியில் நின்றுவிட்டது ஏன்’ என்று வினவுதல் பொருந்தாது. அவை வேறு வழிகளில் நெடுந்தொலைவு வந்தவை.

அங்ஙனமாயினும் வினா முற்றும் தீர்ந்துவிடவில்லை. சிறகால் பறத்தல் பூச்சி, பண்டைப் பறக்கும் ஊர்வன, பறவை, வௌவால் என நான்கு கிளைகளில் தனித்தனியே தோன்றியது. கண் பல முறை தோன்றியது. பயனுள்ள உறுப்பு பல வழிகளில் மீண்டும் மீண்டும் அமையுமாயின், எல்லாவற்றினும் பயனுடையதென்று நாம் எண்ணும் அறிவு மட்டும் அங்ஙனம் அமையாதது என்னை?

பயனைக் கருதுமுன் செலவைக் கருத வேண்டும். மாந்தர் மூளை உடலெடையில் நூற்றுக்கு 2 பங்கே. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் அது கொள்வதோ ஏறத்தாழ 20 பங்கு. ஐந்து வயதை ஒட்டிய குழந்தையிடத்து அவ்வோய்வுநிலை ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்கே செல்கின்றது. அக்குழந்தையோ தன் உணவைத் தான் தேட இயலாதது. பிறர் பல ஆண்டுகள் ஊட்டி வளர்க்க வேண்டுவது. எனவே பெருமூளை என்பது கடன்பட்டு வாங்கிய நிலம் போன்றது. விளைச்சல் உடனே வாராவிடின் வட்டியே குடியைக் கெடுத்துவிடும். பெரும்பாலான உயிர்கள் சிறு மூளையோடு செவ்வனே வாழ்வது அறியாமையால் அன்று. அதுவே அவற்றிற்குச் சிக்கனமானது.

இக்கடனைத் தாங்கும் ஆற்றல் யாருக்கு இருந்தது என்று சிலவற்றை நோக்குவோம். எட்டுக் கைகளையுடைய பேய்க்கணவாய்க்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உள. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே அமைந்துள்ளன. மூடியைத் திருகித் திறந்து உணவை எடுக்கும் திறம் அதற்கு உண்டு. ஆனால் அதன் வாழ்நாள் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டே. தாய், முட்டைகளைக் காத்திருந்து, குஞ்சு வெளிப்படும் காலத்தில் இறந்துபடுகின்றது. ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறை கேட்பதற்கு வழியே இல்லை. பேய்க்கணவாய் ஒவ்வொன்றும் உலகை முதலிலிருந்தே கற்கத் தொடங்குகின்றது.

யானையின் நிலை இதற்கு மறுதலை. நீண்ட வாழ்நாள், கூட்டம், முதுபெண் யானையின் வழிகாட்டல் ஆகிய அனைத்தும் அதற்கு உண்டு. மூளை ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறையுடையது. நம்முடையதைப்போல் மும்மடங்கிற்கு மேற்பட்டது. ஆப்பிரிக்க யானையின் மூளையில் எண்ணிக் கண்ட 25,700 கோடி நரம்பணுக்களுள் நூற்றுக்கு 97 பங்கிற்கு மேல் சிறுமூளையில் உள்ளன. துதிக்கையின் நுண்ணிய இயக்கத்திற்கு அவை வேண்டப்படுவன போலும். எண்ணத்திற்கு இடமாகிய பெருமூளைப் புறணியில் உள்ளவை 560 கோடியே. மாந்தர் மூளையில் மொத்தம் 8,600 கோடி உள்ளனவெனினும் புறணியில் மட்டும் 1,600 கோடி. உரைகாரர் யானையை எடுத்துக்காட்டியது வீண் அன்று. எனினும் அளவால் பெரிதாதல் ஒன்றே அறிவுக்குப் போதியதன்று என்பது இதனால் விளங்கும்.

நியூ கலிடோனியாத் தீவில் வாழும் காக்கையைப் பற்றி ஒரு சொல். பத்துக் கிராமும் நிறையாத மூளையோடு, அது சுள்ளியைக் கொக்கியாக வளைத்தும் தாழையின இலையைக் கீறியும் புழுக்களை வெளியே இழுக்கும் கருவி செய்கின்றது. ஆயின் பறக்கும் உடல் எடைக்கு அஞ்சுவது. அலகு ஒன்றே அதற்குக் கையும் வாயும்.

எனவே வேண்டிய கூறுகள் தனித்தனியே பல உயிர்களிடம் சிதறிக் கிடக்கின்றன. அவை ஓரிடத்துச் சேர்ந்தாலன்றிக் கடன் அடைபடாது. சேர்ந்தவழியும் முதலில் கிடைக்கும் ஊதியம் யாது? இவ்விடத்தில் வாலசு எழுப்பிய ஐயத்தை நினைத்தல் தகும். டார்வினோடு ஒருங்கே இயற்கைத் தேர்வைக் கண்ட அவர், 1869 இல் தம் கொள்கையிலிருந்து மாந்தர் மனத்தை விலக்கினார். எழுத்தும் கணிதமும் அறியாது வேட்டையாடி வாழும் மக்களின் மூளையும் ஐரோப்பியர் மூளைக்கு நிகராக இருத்தலைக் கண்டு, தேவைக்கு மிஞ்சிய இவ்வுறுப்பை இயற்கைத் தேர்வு தந்திருக்க இயலாதென்றார். டார்வின் அதனைக் கடுமையாக மறுத்தார். எம் கருத்தில், வாலசின் பிழை உயிரியலில் அன்று. வேட்டை வாழ்க்கைக்குச் சிற்றறிவே போதும் என்று கொண்டதில் உள்ளது.

ஆத்திரேலியாவின் உள்நாட்டைக் கடக்கப் புறப்பட்ட பர்க்கும் வில்சும் 1861 இல் கூப்பர் ஓடைக்கரையில் உணவின்றித் தவித்தனர். அந்நிலத்து யாந்திருவாந்தா மக்கள் ‘நார்டூ’ என்னும் செடியின் வித்துறைகளை அரைத்து உண்பதைக் கண்டு தாமும் அவ்வாறே உண்டனர். அச்செடி நம் நீர்நிலைகளில் விளையும் ஆரைக்கீரையின் இனத்தது. வயிறு நிறைந்தும் அவர்கள் நாளுக்கு நாள் மெலிந்து இறந்தனர். உயிர்ச்சத்தாகிய தயமினை அழிக்கும் பொருளொன்று அதில் உள்ளது. அதனைப் பக்குவப்படுத்தும் முறையை அந்நில மக்கள் அறிவர். இவர்கள் அதனை முற்றும் அறிந்திலர். இதனாலேயே அவர்கள் நலிந்தனர் என்று ஆய்வாளர் கருதுவர். உடன் சென்ற கிங் அம்மக்களோடு தங்கி உயிர் பிழைத்தார். பர்க்கு, வில்சு ஆகியோர்க்கு மூளை குறைவன்று. குறைந்தது மரபாக வந்த அறிவு. தயமின் என்னும் பெயரையே அறியாத ஒரு சமுதாயம் எத்தனையோ தலைமுறையாகச் சேர்த்த பக்குவத்தைத் தனியொருவன் தன் கூர்மதியால் சில நாட்களில் கண்டுவிட முடியாது.

2007 இல் வெளியான ஓராய்வும் இதற்கு இயைகின்றது. 106 சிம்பன்சிகளையும் 32 ஒராங்குட்டான்களையும் இரண்டரை வயதினரான 105 குழந்தைகளையும் ஒரே வகைத் தேர்வுகளுக்கு உட்படுத்தினர். இடம், எண், காரணகாரியம் பற்றியவற்றில் குழந்தைகளும் சிம்பன்சிகளும் ஏறத்தாழ ஒத்தே இருந்தனர். பிறர் செய்வதைக் கண்டு கற்றல் முதலியவற்றில் குழந்தைகள் மிகவும் விஞ்சினர். தனித்த மதிநுட்பத்தில் தொடக்கத்தில் வேற்றுமை சிறிது. கேட்டுக் கொள்ளும் திறத்தில் பெரிது.

பெருமூளையின் கடனை அடைத்தது இங்ஙனம் பிறரிடமிருந்து பெற்ற அறிவே எனக் கொள்ளின், இவ்வழி அரிதாயிருத்தற்குக் காரணமும் புலனாகின்றது. கற்கத்தக்க அறிவு முன்னரே திரண்டிருந்தாலன்றிப் பெருமூளையால் ஊதியமில்லை. பெருமூளை இருந்தாலன்றி அவ்வறிவு திரளாது. வித்தும் மரமும் போன்ற இம்முடிச்சு விரைவில் அவிழவில்லை. கென்யாவில் கிடைத்த மிகப் பழைய கற்கருவிகளின் அகவை 33 இலட்சம் ஆண்டு. அதன்பின் தோன்றிய கைக்கோடரியின் வடிவம் 10 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் பெரிதும் மாறாதிருந்தது. 1863 இல் இராபர்ட்டு புரூசு பூட்டு பல்லாவரத்தில் அத்தகைய கருவியைக் கண்டெடுத்தார். அவர் ஆராய்ந்த இடங்களுள் ஒன்றாகிய அத்திரம்பாக்கத்தின் பழங்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளாகக் கருதப்படும் மொராக்கோ நாட்டு எச்சங்களின் அகவையோ 3 இலட்சம் ஆண்டே. எனவே கொற்றலையாற்றங்கரையில் அக்கற்களைச் செதுக்கிய கைகள் நம் இனத்தார் கைகள் அல்ல. அவர் எலும்புகள் அங்குக் கிடைக்கவில்லை. யாரென்று பெயரிட இயலவில்லை. தமிழ்நிலத்தின் தொன்மையைப் பேசுவோர் இவ்வேற்றுமையை மறத்தலாகாது.

இங்கே நம் வினாவே வடிவம் மாறுகின்றது. ‘ஓரினம் மட்டும் ஏன் தோன்றிற்று’ என்பது பிழை. பல தோன்றி ஒன்று எஞ்சியது. ஓரிலட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகில் நம்மோடு வேறு மாந்தர் சிலரும் வாழ்ந்தனர். ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வாழ்ந்த நியாண்டர்தால் மாந்தரின் மூளை நம்முடையதற்குச் சிறிதும் குறைந்ததன்று. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் மரபணுக்களில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு அவர்களிடமிருந்து வந்தது. சைபீரியாவின் டெனிசோவாக் குகையில் கிடைத்த சிறுவிரல் எலும்பொன்று 2010 இல் மற்றொரு கிளையினரைக் காட்டிற்று; அவர் மரபணுக்கூறு நியூகினி மக்களிடம் இன்றும் உள்ளது. இந்தோனேசியாவின் புளோரெசுத் தீவில் 2003 இல் கண்ட குறுமாந்தர் மூன்றரை அடி உயரமே இருந்தனர். சிம்பன்சிக்கு நிகரான சிறு மூளையோடு கற்கருவி ஆண்டனர். தென்னாப்பிரிக்காவின் ‘நலேடி’ மாந்தரும் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை சிறு மூளையோடே வாழ்ந்தனர். நம் கிளைக்குள்ளேயே மூளை ஒரே திசையில் வளரவில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்று. ‘சிறத்தல்’ என்னும் சொல் இங்கும் பொருந்தாது.

நியாண்டர்தாலர் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தனர். தட்பவெப்ப மாற்றம், குடித்தொகைக் குறைவு, நம்மவரோடு கலந்து கரைதல், நம்மவரால் நிலமிழத்தல் எனக் காரணம் பல கூறுவர். ஒன்றே காரணமென்று வற்புறுத்துவது இப்போது இயலாது. குடித்தொகைக்கு யாம் சற்று மிகுதியாக எடை தருகின்றோம். அவர் கூட்டங்கள் சிறியவாய்ச் சிதறி இருந்தமை மரபணுவால் தெரிகின்றது. சிறு கூட்டத்தில் ஒரு வல்லான் மாய்ந்தால் அவனோடு ஒரு கலையே மாய்தல் கூடும்.

பறத்தலோடு ஒப்பிட்டு எழுப்பிய வினாவுக்கும் இதனால் விடையுண்டு. பறவை வானில் இருந்தும் வௌவால் தோன்றிற்று. இரவு அதற்கு எஞ்சியிருந்தது. திரண்ட அறிவுடைய இனமோ பனிநிலம், பாலை, தீவு என ஒன்றையும் எஞ்ச விடுவதில்லை. 2022 இல் 800 கோடியை எட்டிய அவ்வினம் பிறிதோரினம் பல இலட்சம் ஆண்டுகள் மெல்ல அவ்வழி நடப்பதற்கு இடம் வைக்கவில்லை. ‘எமக்கு நிகர் இல்லாதது ஏன்’ என்று வினவுவோர் முதற்கண் வந்து நிலத்தை நிரப்பியோராகவே இருப்பர். ஆதலின் அவ்வினாவில் வியப்பு ஓரளவே உண்டு.

மக்கட்பிறப்போடு ஒத்த பிறவும் உள என்பது மரபியற் கூற்று. ‘உள’ என்பது குறிப்பு வினைமுற்று. காலத்தை இடம் நோக்கியே கொள்ள வேண்டும். உரைகாரர் அங்கு நிகழ்காலம் கொண்டு தேவரையும் அரக்கரையும் நினைந்தனர். இறந்தகாலம் கொள்வோமாயின் நியாண்டர்தாலரும் டெனிசோவா மாந்தரும், அத்திரம்பாக்கத்தில் கல் செதுக்கிய பெயரறியாதோரும் அச்சொல்லுள் அடங்குவர். ஆசிரியர் கருதியது அதுவன்று.