வீடு வாங்கப் போகிறீர்களா? முன்பணத்தில் உஷார்!

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். பத்து வருடம், இருபது வருடம் வாடகை வீட்டில் இருந்த குடும்பத்துக்குச் சொந்த வீடு என்பது பெரிய ஆசை. அதற்காக மனைவி நகையைக் கழற்றிக் கொடுக்கிறாள். கணவன் வேலை செய்த இடத்தில் சேர்ந்திருக்கும் சேமநிதியை எடுக்கிறான். ஒரே ஒரு தடவைதான் வாங்கப் போகிறார்கள். அந்தப் பணம் போய்விட்டால், மறுபடி சேர்ப்பதற்கு ஆயுள் போதாது.

இப்படி வாங்குகிறவர்களைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. ஆனால், கையில் பத்திரமும் ரசீதும் வைத்திருப்பவருக்குத்தான் அது சுலபமாக உதவும். வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுத்தவர், கொடுத்ததை நிரூபிக்கவே திண்டாடுவார்.

"ரெரா" சட்டம்

வீடு கட்டி விற்பவர்களையும், மனை பிரித்து விற்பவர்களையும் ஒழுங்குபடுத்த, 2016-ம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2017-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி அது முழுமையாக அமுலுக்கு வந்தது. "ரெரா" சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இந்தச் சட்டப்படி, விற்பவர் தம் திட்டத்தை "ரெரா" ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன்பு விளம்பரம் செய்யக்கூடாது, முன்பணமும் வாங்கக்கூடாது. பதிவு எண் உண்மைதானா என்று ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

நிலம் 500 சதுர மீட்டருக்குள் (சுமார் 5,380 சதுர அடி) இருந்தாலோ, வீடுகள் 8-க்கு மேற்படாவிட்டாலோ பதிவு தேவை இல்லை. இப்படிப்பட்ட சிறிய கட்டடங்களில் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பத்தில் ஒன்று!

30 லட்சம் ரூபாய்க்கு ஒருவர் வீடு பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இன்றைக்கே 10 லட்சம் கொடுத்தால்தான் இந்த விலை. நாளைக்கு ஏறிவிடும்!" என்று விற்பவர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்வது?

மயங்கக்கூடாது. விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வதற்கு முன்பு, விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. 30 லட்சத்துக்கு 3 லட்சம். அவ்வளவுதான்! அதற்கு மேல் கேட்டால், "முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்" என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த 3 லட்சத்தையும் வங்கி மூலமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் எந்தத் தேதியில் வீட்டை ஒப்படைப்பார்கள், எப்போது எவ்வளவு பணம் கட்ட வேண்டும், தவறினால் என்ன வட்டி என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

சொன்ன தேதியில் கிடைக்காவிட்டால்?

வாங்குகிறவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தக் கட்டடத்துக்கும் நிலத்துக்குமே செலவிட வேண்டும். ஓர் ஊரில் வாங்கிய பணத்தை வேறு ஊரில் போட்டு முடக்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

அப்படியும் வீடு சொன்ன தேதியில் கிடைக்கவில்லையா? கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். வீடே வேண்டும் என்றால், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். வாங்குகிறவர் தவணை தவறினால் என்ன வட்டியோ, அதே வட்டிதான் விற்பவருக்கும்.

வீட்டின் அளவைப் "கார்ப்பெட்" பரப்பில் சொல்ல வேண்டும். அதாவது, வெளிச்சுவரையும் பால்கனியையும் சேர்க்காமல், வீட்டுக்குள்ளே புழங்கும் இடத்தின் அளவு. மாடிப்படியையும் நடைபாதையையும் கூட்டிச் சொன்னால் ஏமாறக்கூடாது.

குடிபோன 5 ஆண்டுக்குள் கட்டுமானக் கோளாறு தெரிந்தால், எழுதிக் கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் விற்றவர் தம் செலவிலேயே சரிசெய்ய வேண்டும்.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு

ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கும்போது "ரெரா" கைகொடுக்காது. அங்கே மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம்.

ஆனால், பதிவான விஷயம் மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்றாக வாங்கிய கடன், பதிவாகாமல் இருந்தால் அதில் வராது. எனவே அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். நகலை நீட்டினால், "அசல் எங்கே?" என்று கேட்க வேண்டும்.

அரசாங்க உதவி

2024-ம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. குடும்பத்துக்கு இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக்கூடாது. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டு விலை 35 லட்சத்துக்கும், கடன் 25 லட்சத்துக்கும் மேற்படக்கூடாது. இப்படிப்பட்டவர்களுக்குக் கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு. மொத்தம் ரூ.1 லட்சத்து 80 ஆயிரம் வரை, 5 தவணைகளில் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1-ந் தேதி முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

வங்கிக் கடனைக் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால், ஒரு நாளைக்கு ரூ.5,000 தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1-ந் தேதி முதல் இது அமுலில் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா?

ஏமாந்தவர்கள் "ரெரா" ஆணையத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் அங்கே இலவச உதவி உண்டு.

பத்திரம் வாசிக்கச் சிரமமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். வீட்டில் படிக்கும் பிள்ளையை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாத வரிக்கு விளக்கம் கேளுங்கள். எல்லாம் புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்!